அடைக்கலக் காதையில் கைமாறிய கொப்பி

கோயிலில் கண்ணகி வழக்குரை வாசிக்கிறவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு விதி சொல்வார்கள். கோயில் கதவு திறக்க முன்னமே மச்ச மாமிசம் விட்டிருக்க வேண்டும். செத்தவீட்டுப் பக்கம் போகக் கூடாது. முழுகாமல் ஏட்டுச் சீலையைத் தொடக் கூடாது. ஒரு காதையைத் தொடங்கினால் அது முடியும்வரை எழும்பக் கூடாது. இவ்வளவும் சொன்னவர்கள், அவன் எப்படி விலக வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைக்கவில்லை. எனக்கு முன் வாசித்தவர்கள் யாரும் விலகியதே இல்லை. ஒரு வைகாசியில் வாசித்தார்கள், அடுத்த வைகாசிக்கு அவர்கள் இல்லை. என் மாமா மட்டும் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தார். கோயில் ஒலிபெருக்கியில் என் குரல் கேட்கும்போதெல்லாம் அவருடைய உதடு அசைந்துகொண்டிருக்கும் என்று மாமி சொல்வார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு விடவில்லை. அவர் படுக்கையில் அல்ல, எனக்குப் பின்னால் பாயில் இருந்திருக்க வேண்டும். நான் அவருடைய இடத்துக்கு அவர் நடமாடும்போதே வந்திருந்தால், அந்த உதட்டில் இருந்த சொல் என் காதுக்கு வந்திருக்கும். ஆகவே குரல் இருக்கும்போதே இடத்தை விடுவது என்று முடிவெடுத்தேன். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்பதை எழுதி வைப்பது நல்லதென்று நினைக்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் களுவாஞ்சிகுடி தாண்டி, ஓந்தாச்சிமடமும் கோட்டைக்கல்லாறும் கழிந்து வருவது எங்கள் பெரியகல்லாறு. கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கோயில் மணியும் வேதக்கோயில் மணியும் ஒரே காற்றில் கேட்கிற ஊர். கண்ணகி அம்மன்மேல் பாடப்படும் ஊர்சுற்றுக் காவியத்தில் அம்மன் இருக்கும் ஊர்களின் பெயர்கள் வரிசையாக வரும். பட்டிமேடு, தம்பிலுவில், காரைதீவு, வீரமுனை, கல்முனை என்று தெற்கிலிருந்து ஏறி, கல்லாற்றைத் தொட்டு, எருவில், மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, முதலைக்குடா என்று வாவியின் இரு கரையையும் சுற்றி அது போகும். கல்லாறு என்ற சொல் வரும் இடத்தில் சிறுபிள்ளைகள் நிமிர்ந்து இருப்பார்கள். நானும் அப்படி நிமிர்ந்த பிள்ளைதான்.

கடல் கடந்து இதை வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கண்ணகி பெரும்பாலும் காப்பியத்தில் இருக்கிறாள். எங்களுக்கு அவள் வைகாசி மாதத்தில் வருகிற தாய். பல ஊர்களில் அவளுடைய கோயில் வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். வைகாசிப் பூரணையை ஒட்டிக் கதவு திறந்து, சில நாட்கள் சடங்கு நடத்தி, குளிர்த்தியோடு மறுபடி பூட்டுவார்கள். திருவிழா என்று நாங்கள் சொல்வதில்லை, சடங்கு என்றே சொல்வோம். அந்த இரவுகளில் வாசிக்கப்படுவதுதான் கண்ணகி வழக்குரை. சிலப்பதிகாரத்தின் கதைதான், ஆனால் அதன் வழி வேறு. இங்கே அம்மன் மாங்கனியில் பிறக்கிறாள். பேழையில் வைக்கப்பட்டுக் கடலில் விடப்படுகிறாள். அவளுடைய சிலம்புக்கு மணி தேடி மீகாமன் நாகதீவுக்குக் கப்பலோட்டிப் போய் வெடியரசனோடு போர் செய்கிறான். வெட்டுண்ட கோவலன் அம்மனின் வேண்டுதலால் உயிர் மீண்டு பேசுகிறான். கடைசியில் மதுரையை எரித்த கோபத்தை இடைச்சியர் ஆற்றிக் குளிரப் பண்ணுகிறார்கள். கயவாகு மன்னன் பத்தினி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்ததாகச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே சொல்கிறோம். தெற்கில் பத்தினித் தெய்யோவுக்கு அங்கெலிய என்று கொம்பு இழுக்கிறார்கள், இங்கே வடசேரி தென்சேரி என்று பிரிந்து கொம்பு முறிக்கிறோம். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி பற்றிய பெரிய நூலில் இந்த உறவை விரிவாக எழுதியிருக்கிறார்.

காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்து யாழ் நூல் எழுதினார். 1947இல் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறி, அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவருடைய ஊரின் நடுவிலும் கண்ணகி அம்மன் கோயில்தான். வைகாசி இரவுகளில் கோவலன் பெயரையும் மாதவி பெயரையும் பாட்டியின் மடியில் கிடந்தபடி கேட்டு வளர்கிற ஊரிலிருந்து அப்படி ஒரு நூல் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எங்கள் பக்கத்தில் கோயில் உரிமைகள் குடிவழியாகப் போகும். குடி தாயின் வழியாக வருவது. ஆகவே மாமாவின் வழக்குரைக் கொப்பி அவருடைய மகனுக்குப் போகவில்லை, அக்காவின் மகனான எனக்கு வந்தது. நான் பாடசாலையில் லிகிதராக இருந்தேன், அது வயிற்றுக்கு. இது வேறு. மாமா விடியமுன் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அலை அடித்துக்கொண்டிருக்கும். "வாசி மனே" என்பார். நான் கத்துவேன். "கத்தாத. கடல வெல்ல ஏலா. அலை விழுந்து இழுபடுற இடைவெளியில சொல்ல வை." அப்படித்தான் எனக்கு மூச்சு பழகியது. அடியின் நடுவில் மூச்செடுக்கக் கூடாது என்பார். சொல்லை விழுங்கக் கூடாது என்பார். கோயிலில் முன்வரிசையில் இருக்கும் வயதான பெத்தாமாருக்குக் கதை முழுவதும் பாடம், ஒரு சொல் தவறினால் வெற்றிலை மெல்வது நின்றுவிடும் என்பார். அது மெய். பிற்காலத்தில் நானே கண்டேன்.

அவர் சொன்னவற்றுள் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது ஒன்று உண்டு. கொலைக்களக் காதையில் குரலில் இரக்கத்தைச் சேர்க்காதே என்றார். "அழுறது கேக்கிறவங்கட வேல. நீ சொல்லக் கொண்டு போய்க் கொடு." சின்ன வயதில் இது விளங்கவில்லை. கோவலன் வெட்டுப்படும்போது குரல் தானாகவே உடையாதா? உடையும். உடையவிட்டால் சபை உன்னைப் பார்க்கத் தொடங்கிவிடும், அம்மனை மறந்துவிடும். இப்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இதுதான். நன்றாகப் பாடக்கூடிய பிள்ளைகளுக்கு இதை இரண்டு மடங்கு சொல்ல வேண்டியிருக்கிறது.

1968இல் பண்டிதர் வி. சீ. கந்தையா கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். அதற்கு நான்கு வருடம் முன்னர் வந்த அவருடைய மட்டக்களப்புத் தமிழகமும் எங்கள் பகுதியை அறிய நினைக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். அச்சுப் புத்தகம் வந்த பிறகு வழக்குரை அழியாது என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். எங்கள் கொப்பிக்கும் அச்சுக்கும் பல இடங்களில் வித்தியாசம் இருந்தது. எது சரி என்று மாமாவிடம் கேட்டேன். "ரெண்டும் சரி. வாசிக்கிறது நம்மட கொப்பியில இரிக்கிறத" என்றார். அச்சுப் புத்தகத்தை அவர் மரியாதையாகச் சீலையில் சுற்றி வைத்திருந்தார். ஆனால் புத்தகத்தால் ஒரு வாசிப்பாளன் உண்டாக மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். எந்த அடியை இழுப்பது, எந்த அடியைச் சட்டென்று வைப்பது, எந்த இடத்தில் பெண்கள் குரவை போட இடம் விட்டு நிற்பது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

அது பின்பாட்டில்தான் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். எங்கள் முறையில் முன்னால் ஒருவன் வாசிப்பான், பின்னால் இருப்பவர்கள் அடியை எடுத்துத் திருப்பிப் பாடுவார்கள். பின்பாட்டுக்காரனுக்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. முழுகி வந்து பாயில் இருந்தால் போதும். முதல் வருடம் கடைசி அசையைப் பிடிப்பான், பிறகு பாதி அடி வரும், பிறகு முழு அடி. ஒருநாள் முன்னால் இருப்பவனுக்கு இருமல் வந்து நின்றால், பின்னால் உள்ளவன் அடுத்த அடியைத் தானே எடுத்துவிடுவான். எடுத்த பிறகுதான் தனக்கு அது தெரியும் என்பதே அவனுக்குத் தெரியவரும். நான் அப்படித்தான் வாசிப்பாளன் ஆனேன். மாமா என்னைத் தெரிவு செய்தார் என்று ஊர் சொல்கிறது. பின்பாட்டு என்னைத் தெரிவு செய்தது என்று நான் சொல்வேன்.

ஒலிபெருக்கி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். வாவிக்கு அந்தப்பக்கம் படுவான்கரையிலும் கேட்கிறது என்றார்கள். மெலிந்த குரலுக்கும் ஊர் முழுவதும் நடக்கக் கால் கிடைத்தது. நான் அதை வெறுக்கவில்லை. நோயில் கிடப்பவர்கள் வீட்டிலிருந்தே வழக்குரை கேட்டது அதனால்தானே. ஆனால் மைக் ஒருவன் வாய்க்கு முன்னால்தான் நிற்கும். பின்னால் இருந்தவர்களின் குரல் அதில் விழவில்லை. விழாத குரலை எதற்குப் போட வேண்டும் என்று ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். சில வருடங்களில் பாயில் ஆட்கள் இருந்தார்கள், பின்பாட்டு இல்லை. யாருக்கும் இது ஒரு இழப்பாகத் தெரியவில்லை, ஏனென்றால் வாசிப்பு முன்னைவிடச் சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

அதை எங்களுக்குக் காட்டித் தந்தது சண்டை. 1990இல் வைகாசிப் பூரணை ஜூன் 8ஆம் திகதி. பூரணை கழிந்த மூன்றாம் நாள், ஜூன் 11இல், கிழக்கில் மறுபடி போர் வெடித்தது. குளிர்த்தித் தண்ணீர் தெளித்த கைகளில் மூட்டை முடிச்சு. அந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது, எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாசிப்போடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். அடுத்து வந்த வருடங்களில் இரவில் கூட்டம் கூட முடியாது. பகலில் வாசித்தோம். ஒலிபெருக்கி கிடையாது. வெயிலில், பந்தல் நிழலில், குறைந்த ஆட்களோடு. முதல் நாள் நான் ஒரு அடியை வைத்து நிறுத்தினேன். பின்னாலிருந்து ஒரு கிழவர் அதை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார். மாலைக்குள் பாயில் இருந்த அத்தனை பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பயந்து போய் வீட்டுக்குள் கிடந்த சனம் சத்தம் கேட்டு வந்தது. எவ்வளவு கெட்ட காலம் அது! ஆனால் வழக்குரையை ஊரே வாசித்ததை நான் அந்த வருடங்களில்தான் கண்டேன். என் அக்காவின் மகன் அப்போது கைக்குழந்தை, அவள் மடியில் கிடந்தான்.

2004 மார்கழி 26. அன்றும் ஒரு பூரணை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது கடற்கரைப் பக்கம் இருந்த என் வீட்டில் நின்றது அத்திவாரம் மட்டும். உயிர் பிழைத்தது அம்மன் அருள். மாமாவின் கொப்பி போய்விட்டது. அச்சுப் புத்தகமும் போனது. எங்கள் ஊர் இழந்த உயிர்களுக்கு முன்னால் ஒரு கொப்பியைப் பற்றிப் பேசுவதற்கு அப்போது எனக்கு நா எழவில்லை. மாசி பங்குனி கழிந்த பிறகுதான் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர்மார் சடங்கைப் பற்றிப் பேச வந்தார்கள். வாசிக்க ஏடு இல்லை என்றேன். வாசலில் நின்ற அக்கா உள்ளே போய், பள்ளிக் கொப்பிகள் மூன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா உயிரோடு இருந்த காலத்திலேயே, அவர் வாசிப்பதைப் பெண்கள் பக்கத்தில் இருந்து கேட்டு, வீட்டுக்கு வந்து எழுதி வைத்திருக்கிறாள். விட்டுப்போன இடங்களை அடுத்த வைகாசியில் நிரப்பியிருக்கிறாள். அவளுடைய வீடு வாவிப் பக்கம், அங்கே தண்ணீர் வரவில்லை. இவ்வளவு காலம் எனக்குக்கூட அவள் சொல்லவில்லை. கேட்டதற்கு, "பொம்புளப் புள்ள எழுதி வெச்சிரிக்கன் எண்டு சொன்னா எடுத்துக்கொண்டு போயிருவீங்க எண்டு பயந்த நான்" என்றாள்.

2005 வைகாசியில் அந்தக் கொப்பிகளை வைத்துத்தான் வாசித்தேன். கடலோட்டுக் காதை வந்தது. கப்பலும் அலையும் காற்றும் நிறைந்த பகுதி. முன்னால் இருப்பவர்கள் கூடாரங்களில் இருந்து வந்தவர்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். அந்தக் காதையை விட்டுவிடலாம் என்று சிலர் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பூசை செய்யும் கட்டாடியார் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். நான் வாசித்தேன். ஒரு காதையை விட்டுவிட்டால் அடுத்த வருடமும் அது விடுபடும், பிறகு கடல் இல்லாத வழக்குரை ஒன்று எங்கள் ஊருக்கு உண்டாகிவிடும் என்று நினைத்தேன். கடல் இல்லாத வழக்குரையை எந்தக் கல்லாற்றான் வாசிப்பான்? மாமா சொன்னபடி குரலில் எதையும் சேர்க்காமல் சொல்லை மட்டும் கொண்டு போனேன். அழுகை வந்தது, அது அவர்களுடைய பக்கத்திலிருந்து வந்தது. அந்தத் தாய் எழும்பிப் போகவில்லை. மீகாமன் மணியோடு கரை சேர்ந்தபோது அவள் முதலாவதாகக் குரவை போட்டாள். வாசிப்பவன் என்றால் யார் என்று எனக்கு முழுவதும் விளங்கிய நாள் அது.

சில வருடங்களுக்குப் பிறகு சபரிமலைக்குப் போய்த் திரும்பும்போது கொச்சியில், மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக் கூடத்துக்குப் போனேன். தரையில் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள். யூதருடைய தொழுகையில் முன்னின்று பாடுபவரை ஹஸ்ஸான் என்பார்கள். அவர் தனக்காகப் பாடுவதில்லை, சபையின் வேண்டுதலை எடுத்துச் செல்லும் தூதுவராக அவரைக் கொள்கிறார்கள். அவர்களுடைய பாவநிவாரண நாள் இரவில் முதலில் வரும் கோல் நித்ரே என்ற பாட்டை மூன்று முறை பாடுவது வழக்கம், முதலில் மெதுவாக, பிறகு ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தி. இதை ஒருவர் விளக்கியபோது எனக்கு மாமா நினைவுக்கு வந்தார். ஆனால் அங்கே பாட ஆளில்லை. கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் வேண்டும். 1948இல் இஸ்ரேல் உண்டானபின், ஐம்பதுகளில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். அந்த ஊரில் இருந்த இன்னொரு தொழுகைக் கூடமான கடவும்பாகத்தின் உட்புற மரவேலை இப்போது ஜெருசலேமில் உள்ள ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடுகிறவர் சபைக்கு விடை சொல்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சபையே பாட்டுக்கு விடை சொல்லிவிட்டுப் போன இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அங்கே அறிந்தேன். அந்தச் சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் நூற்றுக்கணக்கான பாடல்கள் வைத்திருந்தார்கள். கலியாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு. கையால் எழுதிய கொப்பிகளில் வைத்து, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து, கப்பலேறும்போது கூடவே கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தேடியபோது அந்தப் பாடல்கள் அந்தக் கொப்பிகளில்தான் கிடைத்தன. ஊருக்கு வந்ததும் இதை அக்காவுக்குத்தான் முதலில் சொன்னேன்.

எங்கள் சபையும் கப்பலேறிக்கொண்டுதான் இருக்கிறது. லண்டன், ரொறன்ரோ, சூரிச், கட்டார். வைகாசியில் வட்ஸ்அப்பில் என் வாசிப்பை நேரடியாகப் பார்க்கிறார்கள். பதிவு செய்து வைத்திருக்கிறோம், இனி உங்களுக்குப் பிறகும் பயமில்லை என்று ஒரு தம்பி அன்போடு சொன்னான். அவன் சொன்னது எனக்குப் பயத்தைத்தான் உண்டாக்கியது. பதிவு இருந்தால் ஒருநாள் கோயிலில் அதையே போட்டுவிடுவார்கள். மைக் பின்பாட்டை நிறுத்தியதுபோல, பதிவு முன்பாட்டையும் நிறுத்திவிடும். பிறகு அம்மனுக்கு முன்னால் மனிதர் யாரும் இருந்து வழக்குரைக்க மாட்டார்கள்.

அப்போதுதான் விலகும் முடிவை எடுத்தேன். குரல் அப்போதும் நன்றாகவே இருந்தது. வண்ணக்கர் நம்பவில்லை.

"என்ன அண்ணன் சொல்றீங்க? நல்லாத்தானே வாசிக்கிறீங்க. ஏலாத காலத்தில பாப்பமே."

"ஏலாத காலத்தில நான் எப்பிடித் தம்பி பின்னுக்கிருந்து எடுத்துக் குடுக்கிற? இப்ப எண்டாத்தான் ஏலும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, அப்படியானால் குளிர்த்தியன்று மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவோம் என்றார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குளிர்த்தி அம்மனுடைய நாள். நெல் குற்றிப் பொங்கலிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீருக்காகச் சனம் கைநீட்டி நிற்கும் நேரத்தில் ஒரு வாசிப்பாளனின் கதைக்கு அங்கே இடமில்லை. சடங்கு முடிந்த பிறகு செய்வதும் சரியல்ல, ஏனென்றால் அப்போது கொடுக்க ஒன்றும் இராது. வாசிப்பின் நடுவில் கொடுக்க வேண்டும். எந்தக் காதையில் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "அடைக்கலத்தில குடு" என்றாள் அக்கா. அவ்வளவுதான், வேறு பேச்சில்லை.

அன்றிரவு கட்டாடியாரிடமும் வண்ணக்கரிடமும் கேட்டு ஒலிபெருக்கியை நிறுத்தினோம். கூட்டம் முன்னுக்கு நெருங்கி வந்தது. வழிநடைக் காதையை முடித்து, அடைக்கலக் காதையை நான் வாசித்தேன். முடிந்ததும் சபைக்கு இரண்டு வார்த்தை சொன்னேன். இவ்வளவு காலமும் என் வாய்க்குச் சொல் தந்தது நீங்கள், என்னைத் திருத்தியதும் நீங்கள், இனி நான் உங்களோடு பாயில் இருந்து அடி எடுப்பேன், அக்காவின் மகனான என் மருமகன் வாசிப்பான், அவனை என்னைத் திருத்தியதுபோலத் திருத்துங்கள் என்றேன். பெத்தாமார் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கொப்பியை நெற்றியில் ஒற்றி அவனிடம் கொடுத்துவிட்டு அவனுக்குப் பின்னால் போய் இருந்தேன்.

அவனுக்குக் கை நடுங்கியது. தொடக்கம் மெல்லியதாக இருந்தது. நான் பின்பாட்டை எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள், அந்தச் சத்தத்தில் அவனுக்கு மூச்சு வந்தது. கொலைக்களக் காதையின் நடுவில் ஓரிடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு அடிகள் வரும். இரண்டாவதை வைத்துவிட்டு முதலாவதைத் தாண்டிப் போகப் பார்த்தான். நான் வாயைத் திறக்கமுன் பெண்கள் பக்கத்திலிருந்து சரியான அடி வந்தது. அக்காவின் மகள். அவள் தாயின் கொப்பியைப் பார்த்து எழுதி எழுதியே முழுவதையும் மனனம் செய்தவள், அண்ணனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் நிமிர்ந்து அந்த அடியை வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். சபை ஒன்றும் சொல்லவில்லை. கட்டாடியாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் வெற்றிலை மெல்வது நிற்கவில்லை.

இதை நான் பகிரங்கமாகவே சொல்கிறேன், கோயில் கூட்டத்திலும் சொல்லிவிட்டேன். குடி பெண் வழியாக வருகிறது. உரிமை பெண் வழியாக வருகிறது. கடல் கொண்டுபோன ஏடு பெண்ணின் கையெழுத்தில் திரும்பி வந்தது. வாசிக்கப்படுவதோ ஒரு பெண் அரசன் முன் நின்று தன் வழக்கைத் தானே உரைத்த கதை. அப்படியிருக்க அந்தப் பிள்ளை பின்பாட்டுப் பாயில் இருக்கக் கூடாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. பழைய முறை என்பார்கள். பழைய முறையைக் காப்பாற்றத்தான் நானும் இவ்வளவும் செய்கிறேன். இப்போது பெண்கள் பக்கத்திலும் ஒரு பாய் போட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளோடு இன்னும் சில பிள்ளைகள் இருந்து அடி எடுக்கிறார்கள். குளிர்ச்சிக் காதையை அவள் முன்னால் இருந்து வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இடைச்சியர் ஆற்றிய கோபத்தைப் பெண் குரலில் கேட்க வேண்டும். வண்ணக்கர்மார் எல்லாக் குடியாரையும் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். கேட்கட்டும். அது அவர்கள் முறை.

மருமகனுக்கு உயிர்மீட்புக் காதை இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. கோவலன் எழுந்து பேசும் இடத்தில் அவன் அவசரப்படுகிறான், இறந்தவன் பேசுவதைக் கேட்கச் சபைக்கு ஒரு மூச்சளவு இடம் விட வேண்டும். தைப்பொங்கல் கழிந்ததும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கப்போகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் அக்கா வீட்டு மாலில். ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ, எந்தக் குடியென்றும் எந்த ஊரென்றும் நாங்கள் கேட்க மாட்டோம். எழுத ஒரு கொப்பியோடு வந்தால் போதும்.